நன்றி சொன்னவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதை

ஒரு நல்ல மனுஷரை ஒரே ஒரு வார்த்தையால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் நான். அதுவும் கெட்ட வார்த்தைகூட இல்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மனோதத்துவத்தில் முதுகலை முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பதல்ல என் வேலை. நன்றாக இருக்கிற சாதாரண ஜனங்களை மனப்பயிற்சி மூலம் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுத்த முடியுமா என்று பார்ப்பது. ("நல்லா இருக்கறவங்கள ஏண்டா போய் நோண்டற?" என்றார் அப்பா. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர்தான் நிபுணர்.)

களமருதூரில் பத்து விவசாயிகள் சேர்ந்தார்கள். வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம். முதல் நாள், "உங்க சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். கடைசி நாள் மறுபடி கேட்க வேண்டும். எல்லோருக்கும் மார்க் ஏறினால் எனக்கு வேலை நீடிக்கும். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் அடுத்த வகுப்பு. ஏறாவிட்டால் சித்தப்பாவின் உரக்கடைதான் கதி.

நாலு வாரம் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். 'ஆழ்ந்த அமைதி' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ஐந்தாம் வாரம் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "இன்னிக்கு வூட்டுக்குப் போங்க. சம்சாரத்தோட கையைப் பிடிங்க, கண்ணைப் பாருங்க. 'இத்தனை வருஷம் எனக்காகப் பாடுபட்டதுக்கு நன்றி'ன்னு சொல்லுங்க" என்றேன்.

ஒன்பது பேர் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். குத்தகைக்கு நெல் போடுகிறவர். பேச்சு ரொம்பக் கம்மி. சந்தோஷத்துக்கு நாலு மார்க் போட்டிருந்தார். வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்தே தீர வேண்டும் என்று நினைக்கிற ஒரே மாணவர். (அவரைப் போல் நான் படித்திருந்தால் எனக்கு நல்ல வேலையே கிடைத்திருக்கும்.)

மறுநாள் காலை வகுப்புக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், எலவனாசூர்கோட்டைலேந்து ஏழுமலை மச்சான் பேசறேன். எங்க மாமாகிட்ட இன்னா சொல்லி அனுப்பின நீ? ஆஸ்பத்திரில வெச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கோம். ஒடனே வா!"

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வீட்டில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. காலையில் நடவுக்குக் கிளம்பிய மனைவி செல்வியை ஏழுமலை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். கையைப் பிடித்திருக்கிறார். கண்ணைப் பார்த்திருக்கிறார். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அங்கேதான் பூச்சி மருந்து டப்பா இருக்கும். செல்வி ஓடிப் பார்த்தால் டப்பா பாதி காலி. (முந்தாநாள்தான் வயலுக்கு அடித்திருக்கிறார். அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்?) அவ்வளவுதான். செல்வி போட்ட கூச்சலில் தெருவே கூடியது. அவருடைய அண்ணன் தம்பி மூன்று பேர் இரண்டு பைக்கில் வந்து இறங்கி, "நான் ஒண்ணும் குடிக்கலடா!" என்று கத்தியவரை நடுவில் உட்கார வைத்துத் தூக்கிப் போய்விட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா பொறுமை இழந்துகொண்டிருந்தார். "நானும் வந்ததிலேந்து கேக்கறேன். என்ன குடிச்சார்?"

"ஒண்ணும் குடிக்கலைங்க" என்றார் மச்சான். "நன்றி சொன்னாருங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை கட்டிலில் திருதிருவென்று விழித்தபடி, "சார் சொன்ன மாதிரிதான் சொன்னேன். ஒரு வார்த்தை வுடல" என்றார்.

"அக்கா, அது பயிற்சிதான். சந்தோஷம் ஜாஸ்தி ஆகறதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

செல்வி பிடித்துக்கொண்டார். "சந்தோசமா? எனக்குப் பாதி உசுரு போயிடுச்சி! இருவத்திரெண்டு வருசமா 'இந்தா'ன்னு கூப்புடற மனுசன். பசிச்சாலும் இந்தா, புள்ள பொறந்தாலும் இந்தா. திடீர்னு கையப் புடிச்சி, இத்தினி வருசம் பாடுபட்டியேன்னா, நான் இன்னான்னு நெனைக்கறது? போறப்ப சொல்ற பேச்சு இல்ல அது?" சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தப் பயம் இல்லை.

அங்கேயே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றத்தில் பையிலிருந்து படிவத்தை எடுத்து, "அக்கா, இப்ப உங்க மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை..." என்று கேட்டுத் தொலைத்தேன். மச்சான் லுங்கியை மடித்துக் கட்டினார். டாக்டரம்மா என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தார்.

எட்டாம் வாரம் மார்க் எடுத்தேன். ஒன்பது பேருக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அவர்களில் இரண்டு பேருக்கு இறங்கியே இருந்தது. வீட்டில் சிரித்துப் பேசினாலே சந்தேகமாகப் பார்க்கிறார்களாம். ஏழுமலை மட்டும் நாலிலிருந்து பத்துக்குத் தாவியிருந்தார்.

"எந்தப் பயிற்சிண்ணே வேலை செஞ்சது?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"பயிற்சி கெடக்குது சார். எனக்கு ஒண்ணுன்னா இத்தினி பேர் ஓடி வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. அவ அழுத அழுகை இருக்குதே..." என்று வெட்கத்தோடு சிரித்தார்.

அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். ஊர் ஜனத்தையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் திட்டத்தில் நிதி இல்லை என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். கரியாலூருக்கு வேறு ஆள் போனார். நான் யூரியா மூட்டைக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு ஏழுமலை தம்பதி வந்தார்கள். மேடையிலேயே செல்வியக்கா என் மனைவி தேன்மொழியின் காதில் கதை முழுவதையும் ஓதிவிட்டு இறங்கினார். தாலி கட்டிய ஒரு மணி நேரத்தில் மானம் போன மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

போன வருடம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பிரசவ வார்டில் வாடிக் கிடந்த தேன்மொழியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க" என்றாள் அவசரமாக. "நீங்க எனக்கு ரொம்ப நாள் வேணும்."