அவளுக்காக ஒரு முட்டிவலி

இரண்டாவது மாடித் திருப்பத்தில் காய்கறிப் பையைத் தொப்பென்று வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாடி! முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வழக்கம்போலப் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறி வந்த கடைக்காரருக்குப் பகீரென்றது. வீடு இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கால் மக்கர் பண்ணினாலும் சரி, வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடணும்" என்று வெளியூரில் இருக்கும் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் வீட்டில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் அங்கே இவர்கள் விருந்தாளிகள். அந்த நினைப்பே இருவருக்கும் கசந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே?"

"எனக்கென்ன கேடு? பை கனம், அவ்வளவுதான்."

இந்தத் தம்பதியிடம் ஒரு விசேஷம். நேராகச் சொன்னால் இருவருமே கேட்க மாட்டார்கள். அவள் உப்பைக் குறைக்க வேண்டுமென்றால், அவர் தனக்கு ரத்தக்கொதிப்பு என்பார். அவர் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால், "இப்படியே இருக்கட்டும், மேதை மாதிரி இருக்கீங்க" என்பாள் அவள். கல்யாணமான நாளாகக் குடும்ப வண்டி சுற்றுப்பாதையில்தான் ஓடுகிறது. ஓடுகிறதே, அதுவே பெரிய விஷயம்.

ஆகவே மறுநாள் காலை கடைக்காரர் கட்டிலை விட்டு இறங்கும்போது, "ஐயோ, என் முட்டி!" என்று அலறினார். அவர் கணக்கு சுலபமானது. தன்னோடு அவளும் ஆஸ்பத்திரிக்கு வருவாள். வந்த கையோடு அவள் காலையும் காட்டிவிடலாம்.

அவள் வந்தாள். காட்டத்தான் இல்லை.

"வந்ததுதான் வந்தோம், நீயும் ஒரு படம் எடுத்துக்கயேன்."

"முதல்ல உங்க காலைப் பாருங்க. என் கால் எங்கயும் ஓடிடாது."

டாக்டர் கடைக்காரரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூட்டுத் தேய்மானம்தான். வலிக்குதேன்னு அசைக்காம வெச்சா இன்னும் இறுகிடும். மாத்திரையைவிட உங்களுக்கு உடற்பயிற்சிதான் முக்கியம்."

கடைக்காரருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. படித்த டாக்டரையே நம்பவைத்துவிட்டோமே! எக்ஸ்ரேயை அவர் பொருட்படுத்தவில்லை. அறுபதைத் தொட்டவனின் எலும்பைப் படம் பிடித்தால் தேய்மானம் தெரியாமல் பின்னே தளிரா தெரியும்?

அடுத்த அறையில் இருந்த பிசியோதெரபி பெண், அவர் மனைவியைப் பார்த்துப் பழகினவள் போலச் சிரித்தாள். தொழில் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தினமும் சமதரையில் நடப்பது என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோபாவில் சாய்ந்துகொண்டு மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டாள்.

"நீட்டுங்க. இறுக்குங்க. இறக்காதீங்க! யாரை ஏமாத்துறீங்க?"

யாருக்காக இந்தப் பாடோ அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள். கடைக்காரர் யோசித்தார்.

"எனக்குச் சரியா பிடிபடல. நீ செஞ்சு காட்டேன்."

அவள் முனகிக்கொண்டே செய்து காட்டினாள். அழகாகவே செய்தாள். அவருக்குக் கண்ணில் நீர் தளும்பாத குறை.

"தினமும் என்கூடச் செய்யேன். துணையா இருக்கும்."

"சரி. ஆனா நீங்க எவ்வளவு செய்றீங்களோ அவ்வளவுதான் நான் செய்வேன். ஒண்ணு குறைஞ்சாலும் விட்டுடுவேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அவள் கால் தேற வேண்டுமானால் இவர் விடாமல் செய்தாக வேண்டும். சாயங்காலம் பூங்காவில் நடக்கும்போது இவருக்கு மூச்சு வாங்கும். பெஞ்சைக் கண்டால் மாமன் மகளைக் கண்டதுபோல ஆசையாக இருக்கும்.

"கொஞ்சம் உக்காரலாமா?"

"உக்காந்தா என் முட்டி பிடிச்சுக்குமே. இன்னும் ஒரே ஒரு சுத்து."

என்ன செய்வது, நடந்தார். பாவம், வலியோடு அவளே நடக்கிறாளே என்று நினைக்கும்போது அவருக்கு அவள்மேல் புதிதாக ஒரு பாசம் சுரந்தது.

பகலிலாவது தப்பலாம் என்றால் அதுவும் இல்லை. கடையில் இருக்கும்போது மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். "நான் நாற்காலியைப் போட்டாச்சு. நீங்க எழுந்தா நானும் எழுவேன்."

அப்படித்தான் ஒருநாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண் பரிசோதனைக்கு வந்து, எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நேரத்தில் அழைப்பு வந்துவிட்டது. கடைக்காரர் பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார்.

"மேல் வரியைப் படிங்க ஐயா."

"தெரியுது... இப்ப தெரியல... மறுபடி தெரியுது." தலைமையாசிரியரின் குரல் நடுங்கியது. "என் கண்ணுக்கு என்னப்பா ஆச்சு? எழுத்து வருது, போகுது!"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல ஐயா. நான்தான் மறைக்கிறேன்."

"நீ ஏம்பா இப்படித் தவிக்கிறே?"

"உக்காந்தா எழுந்துக்கணும், எழுந்தா உக்காரணும். அது ஒரு வியாதி ஐயா."

போன் வழியாக மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வார்? ஆனால் தலைமையாசிரியர் இளகிய மனசுக்காரர். அவருடைய பழைய மாணவிகளில் கடைக்காரரின் மகளும் ஒருத்தி. அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அப்பா, எங்கிட்ட மறைச்சிட்டீங்கல்ல? நிக்கவும் முடியல, உக்காரவும் முடியலையாமே? ஞாயித்துக்கிழமை வரேன். வீட்டை வாங்க ஒருத்தர் தயாரா இருக்கார்."

கடைக்காரர் போனோடு வாசல் பக்கம் நகர்ந்தார். மனைவி சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. சும்மா நடிக்கிறேன். உங்கம்மாவுக்குத்தான் முட்டிவலி. அவளை உடற்பயிற்சி செய்ய வைக்க வேற வழி தெரியல."

மகள் இன்னும் பதறினாள்.

"அம்மாவுக்கும் கால் போச்சா? அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வரேன்!"

மறுநாள் காலை கடையைக்கூடத் திறக்காமல் கடைக்காரர் பிசியோதெரபி பெண்ணிடம் ஓடினார். ஓடினார் என்றால் உண்மையாகவே ஓடினார்.

"ஏம்மா, என் பொண்ணு வீட்டை விக்க வந்துட்டிருக்கா. நாங்க படியேறலாம்னு நீதான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"முதல்ல கையைக் கட்டிக்கிட்டு எழுந்து காட்டுங்க சார்."

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

"முதல் நாள் ரெண்டு கையையும் ஊணித்தானே எழுந்தீங்க? இப்ப பாருங்க. பயிற்சியை மட்டும் விடாதீங்க, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா மூணு மாடியும் ஏறலாம். உங்க பொண்ணுகிட்ட நானே பேசறேன்."

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். இனியும் மறைத்துப் பிரயோஜனமில்லை.

"என் காலை விடும்மா. அது சுத்த நடிப்பு. எனக்கு வலியும் இல்ல, கிலியும் இல்ல. அவளுக்காகத்தான் இத்தனை நாளும் கூத்தடிச்சேன். அவ கால் தேறிடுச்சா, அதைச் சொல்லு. அந்த வீட்டை விட்டுப் போனா அவ உடைஞ்சு போயிடுவாம்மா. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்மா கால்ல ஒரு குறையும் இல்லையே சார்! 'அவருக்குத்தான் முட்டி தேய்ஞ்சிருக்கு, சொன்னா ஒத்துக்க மாட்டார், எனக்கு வலின்னாதான் அசைவார்'னு உங்களுக்கு முன்னாடியே தனியா வந்து, எப்படி நொண்டணும்னு எங்கிட்டதானே கத்துக்கிட்டுப் போனாங்க!"