ராத்தாவின் கலியாணத்துக்கு நான் வெட்டிய பள்ளம்

போனில் வீடியோ பார்த்து மருந்து கட்டுகிறவனைவிட, போனில் வீடியோ பார்த்துப் படம் கீறுகிறவன் ஆபத்தானவன். மருந்து கட்டுகிறவனிடம் ஒரு நோயாளிதான் அகப்படுவான். படம் கீறுகிறவனிடம் குடும்பமே அகப்படும். எங்கள் குடும்பம் அப்படி அகப்பட்டது. கீறியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரத்தில் சித்திரப் பாடத்துக்கு 'ஏ' எடுத்திருந்தேன். (மற்றப் பாடங்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.) அந்த ஒற்றை எழுத்தை நம்பித் தலைமுடியை வளர்த்தேன். கல்முனைக்குடி வெயிலில், ஊரே பனியனோடு விசிறிக்கொண்டிருக்க, நான் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். கம்பளி அரித்தது. கலைஞன் என்றால் அரிக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குக் கலை தெரியாது என்பது அந்த நாட்களில் என் உறுதியான கொள்கை. மீன் வாங்கப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிலச்சித்திர வீடியோக்கள் என் கண்ணில் பட்டன. வெளிநாட்டில் எங்கோ ஒரு வெள்ளைக்காரர் நடுவீதியில் குந்தியிருந்து, நிறச் சோக்கால் தரையில் கோடுகளை இழுஇழு என்று இழுக்கிறார். கிட்ட நின்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆனால் அவர் குறித்துவைத்த ஓர் இடத்தில் நின்று பார்த்தால் தரை பிளந்து பெரிய பாதாளமே தெரிகிறது! சனங்கள் அதன் விளிம்பில் கையை விரித்துக்கொண்டு விழப்போவதுபோல நின்று போட்டோ எடுக்கிறார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இதை ஏற்கெனவே நான்தான் கண்டுபிடித்திருந்தேன், அந்த வெள்ளைக்காரர் முந்திக்கொண்டார் என்ற எண்ணமே வந்துவிட்டது.

என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் பாலமுனை. எங்கள் வீட்டில்தான் நிக்காஹ். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து இறங்குவார்கள் என்று பேச்சு. கலியாணத்துக்காகவே வாப்பா வாசல் முழுக்கச் சீமெந்து போட்டிருந்தார். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், கேற்றிலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் நீண்டு கிடந்தது. மற்றவர்களுக்கு அது வாசல். எனக்கு அது வெறுந்தாள்.

"நல்வரவு எண்டு எழுதி, ரெண்டு பூவக் கீறி விடன்டா. அது போதும்" என்றாள் ராத்தா.

"பூவா? அது நேர்சரிப் புள்ளைகள் கீறுறது" என்றேன். "நான் செய்யப்போறத ஊர் இதுவரைக்கும் கண்டிருக்காது."

பிந்திய வாக்கியம் மட்டும் உண்மையானது.

என் திட்டம் இதுதான். வாசலின் நடுவே நீளமான ஒரு பாதாளம். சுற்றிவர, வாசல் ஓரம் வரைக்கும், வெட்டிப்போட்ட செம்மண். அடியில் நீலத் தண்ணீர். இரண்டு முனைகளிலும் காவலுக்கு நிற்பதுபோல ஒவ்வொரு கல்தூண். மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் நடுவில் நின்றால் அந்தரத்தில் மிதப்பதுபோல இருக்கும். பார்க்கவேண்டிய இடம் வீட்டுக் கதவடி. அங்கே என் போனை ஸ்டாண்டில் பூட்டிவைத்தேன். அங்கிருந்து நூல் பிடித்துக் கோடு போட்டேன். ஒரு கோடு போடுவேன், ஓடிப்போய்ப் போனில் பார்ப்பேன், ஓடிவந்து அடுத்த கோடு. கோழி கொத்துவதுபோல நாள் முழுக்க இதே வேலை.

பள்ளிக்கூட வெண்கட்டியும் நிறச் சோக்கும் இருந்தன. பாதாளத்துக்கு வேண்டிய கறுப்புத்தான் இல்லை. பிரியாணிக்கு வாங்கி வைத்திருந்த சிரட்டைக் கரியில் ஒரு பகுதியைக் களவெடுத்து இடித்தேன். காற்றுக்குப் பறக்காமல் தரையில் ஒட்டவேண்டும் என்று சீனித் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். (சீனித் தண்ணீர் வீடியோவில் சொன்னது. 'லேசாக' என்றும் சொன்னதாம். அதை நான் கேட்கவில்லை.)

மத்தியானம் போல உம்மா கேற்றடிக்குப் போய் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

"மகன், இங்கரிந்து பாக்கக்குள்ள இது என்னமோ மாதிரி இரிக்கே."

"அங்கரிந்து பாக்கப் படாதும்மா. இஞ்ச வந்து போன்ல பாருங்க."

உம்மா வந்து பார்த்தார். "ஓம், இஞ்ச நல்லாத்தான் இரிக்கி. ஆனா வாற சனம் கேற்றால தானே மனே வரும்?"

எவ்வளவு எளிமையான கேள்வி! அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கும். "கலையப் பாக்கத் தெரிஞ்ச சனம் சரியான இடத்துக்கு வந்து பாக்கும்மா" என்றேன். கம்பளித் துண்டை வேறு இழுத்துவிட்டுக்கொண்டேன். உம்மா கறிவேப்பிலையோடு உள்ளே போனார். பிரியாணிச் சட்டியை விட்டுவிட்டு என்னோடு மல்லுக்கட்ட அவருக்கு நேரமில்லை.

அஸர் முடிந்தது. வேன்கள் வந்து கேற்றடியில் நின்றன. நான் கதவடியில், போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு தயாராக நின்றேன். முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் உம்மா. பட்டுச் சாரியில், கை நிறைய வளையலோடு, முகம் நிறையச் சிரிப்போடு இறங்கினார். பின்னால் தட்டங்களும் பெட்டிகளும் ஏந்திய பெண்கள். மாமி கேற்றைத் தாண்டிக் காலை வைக்கப் போனார். கீழே பார்த்தார். தூக்கிய காலைப் பின்னுக்கு எடுத்தார்.

பின்னால் வந்த பெண்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முணுமுணுத்தது எனக்கு இங்கே வரைக்கும் கேட்டது.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."

மரணச் செய்திக்கு ஓதுவதைப் போய், பரவசத்தில் ஓதுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய வாப்பாவின் தம்பி, பெரிய மனிதர், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "காக்கா, ஆரு மௌத்து? ஒரு போனெண்டாலும் எடுத்திருக்கலாமே. நாங்க இன்னொரு நாளைக்கி வந்திருப்பமே."

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒருத்தரும் மௌத்தாகல்ல. எல்லாரும் நல்ல சுகம்" என்றார்.

"அப்ப இந்தக் கபுறு?"

அப்போதுதான் வாப்பா கேற்றுப் பக்கமிருந்து வாசலைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேற்றிலிருந்து பார்த்தால் பாதாளமும் இல்லை, நீலத் தண்ணீரும் இல்லை. ஆள் நீளத்துக்குக் கறுப்பாய் ஒரு புதைகுழி. சுற்றிவரப் புதிதாய் வெட்டிப்போட்ட மண். நான் காவலுக்கு நிறுத்திய தூண்கள், கபுறில் அடையாளத்துக்கு நடுவதுபோலத் தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை, கால்மாட்டில் ஒரு மீசான் கட்டை. உள்ளே கிடத்த மையத்து ஒன்றுதான் குறை.

வாப்பா வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, நல்ல காட்சி கை தவறிப் போகிறதே என்ற பதற்றம். கதவடியிலிருந்து முழுத்தொண்டையில் கத்தினேன்:

"மாமி! பயப்படாம உள்ள எறங்குங்க! நடுவுல போய் நில்லுங்க, அப்பதான் வடிவா இரிக்கும்!"

மாமி திரும்பிப் போய் வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திய பிறகுதான் பேசினார். சாத்திய கதவுக்குள்ளிருந்து பேசியதே எங்கள் தெரு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"எண்ட மகன கபுற மிதிச்சித்து கலியாணத்துக்கு அனுப்ப ஏலா! வேன எடு!"

சாரதி எடுக்கவா விடவா என்று தெரியாமல் என்ஜினை மட்டும் இயக்கிவைத்தார். வீட்டுக்குள் ராத்தா மணக்கோலத்தில் இருந்தாள். ஜன்னல் சீலையை விலக்கி அவள் வேனைப் பார்த்ததையும், பிறகு என்னைப் பார்த்ததையும் கண்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்படி பார்த்தாள். ஆனாலும் வாயை மூடினேனா? இல்லை. கலைஞன் அல்லவா, விளக்கம் சொல்லப் போனேன்.

போனை எடுத்துக்கொண்டு வேனடிக்கு ஓடினேன். "மாமி, இது கபுறு இல்ல. கதவடிக்கு வந்து நிண்டு பாத்தாத்தான் சரியாத் தெரியும்" என்றேன்.

"கதவடிக்கு எப்படிடா வாற? அதுக்குள்ளால எறங்கித்தானே வரணும்!"

நியாயமான கேள்வி. போனிலிருந்த படத்தைக் காட்டினேன். மாமி கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்தார். ஆழமான பள்ளம், அடியில் தண்ணீர், எல்லாம் அச்சொட்டாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் என் ஓவியத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப இது கபுறு இல்ல" என்றார் மெதுவாக.

"இல்ல மாமி!"

"கிணறு. எண்ட மகன கிணத்துல தள்ளப் பாத்தீங்களா?"

வாப்பா பின்னாலிருந்து என் கம்பளித் துண்டைப் பிடித்து இழுத்தார். "தண்ணிய அடிடா! அழிடா அத!"

ஹோஸ் பைப்பை இழுத்துவந்து அடித்தேன். வெண்கட்டி ஓடிப் போனது. செம்மண் ஓடிப் போனது. சீனித் தண்ணீரில் குழைத்த சிரட்டைக் கரி மட்டும் அசையவில்லை. நனைந்ததும் இன்னும் கறுத்து, மினுங்கி, முந்தியதைவிட ஆழமாகத் தெரிந்தது. ஓடிய சாயமோ கேற்றுப் பக்கமாகப் பாய்ந்து, சாச்சாவின் வெள்ளைச் சாரனை முழங்கால் வரைக்கும் சிவப்பாக்கியது. அவர் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"பாயப் போட்டு மூடுங்க!" என்று யாரோ யோசனை சொன்னார்கள். நானே ஓடிப்போய் இரண்டு புதுப் பாய்களைக் கொண்டுவந்து, குழியின் மேல் நீளவாக்கில் விரித்தேன். கபுறுக்குள் மையத்தை வைத்துப் பலகை அடுக்கிய பிறகு அதன் மேல் பாயைத்தான் விரிப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? தெரியும். விரித்து முடித்து நிமிர்ந்தபோது ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் குறையாக இருந்த ஒன்றும் நிறைவாகிவிட்டது. வேனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை.

கடைசியில் காரியத்தை முடித்தவர் மாப்பிள்ளைதான். மச்சான் அதிகம் பேசாத மனிதர். வேனிலிருந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். அடுத்த வீட்டைப் பார்த்தார். நேரே அடுத்த வீட்டுக் கேற்றைத் திறந்து உள்ளே போய், அவர்களுடைய குசினியைச் சுற்றி, இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் கோழி போகிற ஓட்டைப் பொட்டுக்குள்ளால் குனிந்து எங்கள் பக்கம் வந்து நின்றார். கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"உம்மா, இஞ்சால வழி இரிக்கி. வாங்க" என்றார்.

மகன் கோழிப் பொட்டுக்குள்ளால் போனபிறகு உம்மா வேனில் இருந்து என்ன செய்வது? மாமி இறங்கினார். பட்டுச் சாரியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குசினிப் பக்கமாக வந்தார். அங்கே அந்த வீட்டுப் பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தியோடு, ஒரு முழுக் கலியாண ஊர்வலம் தன் மீன் சட்டியைத் தாண்டிப் போவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டங்கள் வேலிக்கு மேலால் கைமாறின. நிக்காஹ் நடந்தது. பிரியாணி கொஞ்சம் பச்சையாக இருந்தது. (கரி போதவில்லையாம். நான் தலையைத் தூக்கவில்லை.)

ராத்தா அடுத்த பெருநாள் வரைக்கும் என்னோடு பேசவில்லை. கம்பளித் துண்டை உம்மா சட்டி இறக்கும் துணியாக்கிக்கொண்டார். நான் முடியை வெட்டினேன். இப்போது ஒரு ஹாட்வெயார் கடையில் பெயின்ட் விற்கிறேன். வெள்ளை நிறம் கேட்டு வருகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

ஆனால் பெயர் நின்றுவிட்டது. கல்முனைக்குடியிலிருந்து பாலமுனை வரைக்கும் எனக்கு 'கபுறு வெட்டி' என்றுதான் பெயர். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் ஒழுங்கையிலேயே வீட்டைக் காட்டமாட்டார்கள். ஊரார் போன்களிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதனால் வந்த வினை, போன வருடம் ஒரு காலையில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட வாப்பா மௌத்தாகிட்டாரு. உங்கட நம்பர ஒராள் தந்த. கபுறு வெட்டணும், சுறுக்கா வாங்க" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டார்.

விளக்கம் சொல்லலாம் என்றுதான் போனேன். போன இடத்தில் அந்த மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்ட ஒடன வந்தீங்களே" என்று விம்மினார். அந்த முகத்தைப் பார்த்து, நான் சோக்கால்தான் வெட்டுவேன் என்று எப்படிச் சொல்வது? மையவாடிக்குப் போய் மண்வெட்டியை வாங்கினேன். கடற்கரை மணல். நான் ஒரு பக்கம் வெட்ட, மறுபக்கம் சரிந்து விழுந்தது. வேர்த்து ஒழுக ஒழுக வெட்டினேன். குழி அகலமானதே தவிர ஆழமாகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிவாசல் ஆட்கள், "தம்பி, நீங்க மேல வாங்க" என்று என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, தாங்களே இறங்கி வெட்டினார்கள்.

கதை அன்று பின்னேரமே பாலமுனைக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாமி என் தட்டில் இறைச்சியை அள்ளி வைத்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"என்ன மருமகன், அந்த மனிசனுக்கு வெட்ட ஏலாமப் போச்சாமே? எங்களுக்கெண்டா அண்டைக்கி அவ்வளவு வடிவா வெட்டி வெச்சிருந்தீங்க!"