கீதாவின் கற்பூரவல்லி

இலைச்சத்து குறையக் குறையப் புற்றுநோய்ச் செல்கள் அதிகமாகச் செத்தன. இது எப்படி என்று குமரவேலுக்கு விளங்கவில்லை.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவன் ஆராய்ச்சி மாணவன். சோதனை எளிமையானதுதான். கற்பூரவல்லியின் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். தட்டிலுள்ள குழிகளில் செல்களை வளர்த்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு ஸ்பிரிட்டை ஊற்றுவான். அதில் கரைத்த இலைச்சத்து மட்டும் குழிக்குக் குழி கூடும், குறையும். மறுநாள் மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லுக்கு அந்தத் தெம்பு ஏது? மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

இலை நிறையப் போட்ட குழி ஊதா. துளியூண்டு போட்ட குழி மஞ்சள்.

"தட்டைத் தலைகீழா வச்சுப் பாத்தியா?" என்றார் பேராசிரியர் தோத்தாத்ரி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற செடி, வேற தலைப்பு."

இலை போதவில்லை என்று முடிவுகட்டி, பெரும்பாக்கம் வீட்டு பால்கனியில் கத்தரிக்கோலோடு நின்றான்.

"ஏங்க, நுனியை மட்டும் கிள்ளுங்கன்னு சொன்னேன்ல?" என்றாள் மனைவி கீதா. "பொழிச்சலூர்ல அம்மா வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி ஒடிச்சுட்டு வந்த கொம்பு. அந்த வீட்டுல மிச்சம் இது ஒண்ணுதான்."

"இது புற்றுநோயைக் கொல்லப்போற செடி, கீதா!"

"சளிக்குக் கஷாயம் வைக்கிற செடிங்க. அது மேல போய்க் கொலைப்பழியா?"

பாதிச் செடி போயிற்று. குழிகள் கத்தரிக்காய் நிறத்தில் பளபளத்தன. செல்கள் கொழுத்துக் கிடந்தன.

வீரியம் வேரில் இருக்குமோ? கீதா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மிச்சத்தை வேரோடு பிடுங்கினான். அரைத்தெடுத்த சத்து களியாக நின்றது, கரையவே இல்லை. ஸ்பிரிட்டை இருமடங்காக்கினான்.

காலித் தொட்டியைப் பார்த்ததிலிருந்து கீதா அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தட்டு முழுக்க மஞ்சள். போனை எடுத்தான்.

"கீதா, ஒண்ணுகூடப் பிழைக்கலை!"

"தொட்டியிலயும்தான்."

"அத்தை வீட்டுச் செடி ஜெயிச்சிடுச்சும்மா."

"ஒரு கொம்பாவது விட்டு வச்சிருக்கலாங்க," என்றாள். "சரி, போனதுக்கு ஒரு பலனாவது இருக்கட்டும்."

வைத்துவிட்டாள். ஒரே ஒரு கொம்பு. தண்ணீர்க் குவளையில் போட்டு வைத்திருந்தால்கூடத் துளிர்த்திருக்கும்.

பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஜெரூஷா தட்டை வாங்கிப் பார்த்தாள். பழைய தட்டுகளின் படங்களையும் அவன் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணா, இலையே போடாம வெறும் ஸ்பிரிட்டை ஒரு குழியில ஊத்திப் பாருங்க," என்றாள். "கொல்றது ஸ்பிரிட்டுதான். உங்க செடி இத்தனை நாளும் அதுங்களைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு."