ஹார்லன் வீட்டுக் கோழிக் குப்பையில் என் கழுகு

என் தங்கை மகள் லோரெட்டாவுக்கு மாமா எல்வுட் எழுதுவது. நீ சுகம் என்று நம்புகிறேன்; நான் இல்லை.

பறவை எங்கே இருக்கிறது என்று காட்டும் உன் வரைபடம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது. என் பைன் மரத்தில் பிறந்த வெண்தலைக் கழுகை, தலைகூட இன்னும் வெளுக்காததை, ஹார்லன் டல்லின் கோழிப்பண்ணைக் குப்பையில் குடிவைத்திருக்கிறது.

கிளை முறிந்து படகுக் கொட்டகைக் கூரை உடைந்தபோதும், கூடு கலையுமே என்று மரத்தை வெட்டாமல் விட்டவன் நான். குஞ்சின் முதுகில் உன் ஆய்வுக் குழு இடங்காட்டும் கருவி கட்டியபோது கயிற்றைப் பிடித்தவனும் நான். அதன் புள்ளியைப் பார்ப்பதற்காகவே யாரையும் கேட்காமல் கணினி கற்றேன். கனடா வரை சுற்றிவிட்டு நம் செசபீக் விரிகுடாவுக்கு அது திரும்பிய அன்று சட்டை மாற்றிக்கொண்டு படகுத்துறையில் நின்றேன். என் தலைக்கு மேலேயே பறந்து, நேரே செத்த கோழிக்குப் போய்விட்டது. அதையும் ஊரே பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறாய். காலை உணவுக் கடையில் முட்டையைத் தட்டில் வைக்கும்போதே பெர்னிஸ் கேட்கிறாள்: “என்னண்ணே, உங்க புள்ளைக்கு இன்னைக்கும் ஹார்லன் வீட்லதான் சாப்பாடா?” பக்கத்து மேசையிலிருந்து ஹார்லன்: “நான் ஒண்ணும் கூப்பிடலப்பா. வீட்ல சமையல் சரியில்லன்னா அது என்ன பண்ணும்?”

ரோஷத்தில் துறையில் பலகை போட்டு நல்ல மீனாக வைத்தேன். கழுகு வரவில்லை, பிணந்தின்னிப் பறவைகள் வந்து என் வீட்டுக் கூரையில் வரிசையாக உட்கார்ந்தன. அதைப் பார்த்த பாதிரியார் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு வந்து, “போனது யாரு எல்வுட்?” என்றார். “நான்தான்” என்றேன்.

ஆகவே, நீ அந்தப் புள்ளியை மறைக்க வேண்டும். ஹார்லன் செத்த கோழிகளைப் புதைக்க வேண்டும். பெர்னிஸ் வாயை மூட வேண்டும்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. கடவுள் உனக்கு நல்ல புத்தியும் உன் செயற்கைக்கோளுக்கு நல்ல பார்வையும் தரட்டும்.

மாமா எல்வுட் ப்ரூயிட்

பின்குறிப்பு: அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகையில் ஹார்லன் தொலைபேசியில் கூப்பிட்டான். “எல்வுட், அது உன் வீட்டுக்கு வந்துச்சா? நேத்துலேர்ந்து சாப்பிட வரல.” வரைபடத்தைப் பார்த்தேன். புள்ளி சதுப்பு நிலத்தில் நிற்கிறது. நேற்றும் அங்கேதான், அசையவே இல்லை. எங்களுக்குத் தெரிவது தோராயமான இடம். சரியான இடம் உன்னிடம்தான் இருக்கிறது. மேலே எழுதியது எதையும் செய்யாதே. நீ உடனே தொலைபேசியில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஹார்லன் படகு ஓட்ட வேண்டும். இப்போதே என் துறையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறான். பெர்னிஸ் கழுகைப் போர்த்திப் பிடிக்கப் போர்வை கொண்டுவர வேண்டும். நான் மீன் எடுக்கவில்லை. அவனையே கோழி கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.