தெளியவிடாதவர்

கை சும்மா இராதவர் என்று ஓர் இனம் உண்டு. உலகமெங்கும் பரவி வாழும் இனம். அழிந்துபோகும் என்ற கவலை வேண்டாம். விதை போட்ட மறுநாளே முளைத்துவிட்டதா என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர், அடுப்பில் இருக்கும் சோற்றை மூடியைத் திறந்து திறந்தே வேகவிடாமல் செய்பவர், ஆறிவருகிற புண்ணின் பொருக்கை ஓரமாக நெம்பி மறுபடி ரத்தம் பார்ப்பவர், சுவரில் நேராக இருக்கும் படத்தை ஒரு விரலால் தள்ளிக் கோணலாக்கிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று ரசிப்பவர், எல்லோரும் ஒரே குலக்கொழுந்துகள். கேட்டால் ஒரே பதில்தான்: "நான் ஒண்ணும் பண்ணல. சும்மா பார்த்தேன்."

இவர்களை ஏளனம் செய்வதாக நினைக்காதீர்கள். இந்தப் பத்தியையே அடித்து அடித்து எழுதி, முதலில் எழுதியதே தேவலை என்று கண்டுகொண்ட கைதான் இது.

இனத்தின் இலட்சணம் அத்தனையும் ஓரிடத்தில் பொருந்தியிருப்பதைக் காண வேண்டுமென்றால் நம் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாமியார் காலமானதும் மாமனார் இவர் வீட்டோடு வந்துவிட்டார். ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். வந்த நாள் முதல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். டிவியைப் போட்டால் பார்ப்பார்; அணைத்துவிட்டால் அணைந்த டிவியையும் அதே கவனத்தோடு பார்ப்பார்.

"கொஞ்ச நாள் அப்படியே விடுங்க. அவரா தேறி வருவார்" என்றாள் அவர் மகள், டாக்டரின் மனைவி.

விடுவாரா மருமகன்? நடைபயிற்சிக்குச் செருப்பு வாங்கி வந்தார், ரேடியோ வாங்கி வந்தார், சதுரங்கப் பலகை வாங்கி வந்து இரண்டு பக்கமும் தானே ஆடித் தானே தோற்றார். கடைசியாக ஒரு கண்ணாடித் தொட்டியும் மூன்று தங்கமீன்களும். ஆச்சரியம், அது பலித்தது. பெரியவர் நாற்காலியைச் சுவரிலிருந்து தொட்டிப் பக்கம் திருப்பினார்.

"முன்னால கண்ணாடிய ஒட்டியே நிக்கிறவன் டிரைவர். இந்தப் பொடியன் கண்டக்டர். பாருங்க மாப்பிள்ளை, முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகிட்டே இருக்கான். அந்தக் குண்டன் டிக்கெட் எடுக்காத ஆளு."

"அப்பா பேசுறாருங்க" என்று சமையலறைக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மகள். டாக்டர் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அடுத்த சில நாட்களில் தொட்டித் தண்ணீர் கலங்கியது. பால் பாதி, நீர் பாதி என்று வெளுத்துப்போய் மீன்கள் நிழலாட்டமாகத் தெரிந்தன.

"மூடுபனி மாதிரி இருக்கு. மெதுவாத்தான் ஓட்டணும்" என்று பெரியவர் நிதானமாகச் சொன்னார். ஓட்டுநருக்கு இருந்த பொறுமை மருத்துவருக்கு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் முழுவதையும் இறைத்து மாற்றினார். பளிங்கு போலத் தெளிந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு தூங்கினார். மறுநாள் முன்னைவிடக் கலங்கியது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் புத்தம் புதிதாகும்வரை பிழிந்தார். அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதுபோல் பிரஷ்ஷால் தேய்த்தார். தெளியவைக்க ஒரு சொட்டு மருந்து, அந்த மருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாமலிருக்க இன்னொரு சொட்டு மருந்து. மீன்கடைக்காரர் இவரைத் தெருமுனையில் கண்டதுமே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இத்தனை அமளியில் மீன்கள் இளைத்துவிடுமே என்று தீனியை வேறு பிடிபிடியாகத் தூவினார்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கண்டக்டர் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் சாய்ந்து மிதந்தான். பெரியவர் நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். பேச்சு நின்றது. தட்டில் வைத்த சாப்பாடு வைத்தபடியே ஆறியது.

கிளினிக்கில் அன்று நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு பாட்டு டீச்சர்; வீட்டில் வெகுகாலமாக மீன் வளர்ப்பவர். வாயில் பஞ்சும் குழாயுமாக இருந்த அவரிடம் டாக்டர் யோசனை கேட்டார்.

"தொட்டித் தண்ணி கலங்கிக்கிட்டே இருக்குங்க. இன்னொரு தரம் முழுசா மாத்திடலாம்னு பாக்கறேன். சரிதானே?"

"ஆ... ஓ... ஆ..."

"அதத்தான் நானும் நினைச்சேன்."

பஞ்சை எடுத்ததும் டீச்சர் தாடையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தொடாதீங்கன்னு சொன்னேன் டாக்டர். புதுத் தொட்டி கலங்கத்தான் செய்யும். தண்ணிய சுத்தமாக்குற நுண்ணுயிரெல்லாம் அந்த ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும்தான் வந்து குடியேறணும். நீங்க தினமும் அதுகளக் காலி பண்ண வைக்கிறீங்க. தீனிய ஒரு சிட்டிகையாக் குறைங்க. ஃபில்டர் மோட்டார் ஓடட்டும். வேற ஒண்ணும் செய்யாதீங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கிறத..." டாக்டர் சற்றுத் தயங்கினார். "எப்படி ஆரம்பிக்கிறது?"

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி எழுந்தாள். வாளி, ரப்பர் குழாய், பிரஷ், மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். டாக்டர் வேறு வழியில்லாமல் மாமனார் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதிகளைக்கூட யாரும் அவ்வளவு இறுக்கமாகக் காவல் காத்திருக்க மாட்டார்கள்.

நெடுநேரம் கழித்துப் பெரியவர் தொட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க அத்தைக்கும் கடைசியில இப்படித்தான். ஆளாளுக்கு எதையாவது செஞ்சுகிட்டே இருந்தோம். பக்கத்துல சும்மா உக்காருங்க, அது போதும்னு அவ சொன்னா."

டாக்டருக்கு முகம் சுருங்கியது. அத்தைக்கு வாரம் ஒரு புது வைத்தியரைக் கூட்டி வந்தவர் அவர்தான்.

"உங்களச் சொல்லல மாப்பிள்ளை. நான் மட்டும் என்ன? ஜன்னலத் திறக்கவா, மூடவான்னு கேட்டே அவளப் பாடா படுத்தினேன்."

சமாதானமாக ஏதாவது சொல்ல டாக்டரின் நாக்கு துடித்தது. கைகளோடு சேர்த்து அதையும் அடக்கிக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த மிகக் கடினமான வைத்தியம் அதுவாகத்தான் இருக்கும். பெரியவர் மெல்ல மெல்ல மனைவியைப் பற்றிப் பேசினார், அழுதார், பிறகு, "பசிக்குதும்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

தண்ணீர் அதன் இஷ்டத்துக்குத் தெளிந்தது. எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலையில் கண்டக்டர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டிருந்தான். டாக்டர் குனிந்து உற்றுப் பார்த்தார், பரவசமாகத் தலையாட்டினார்.

"பாத்தியா? நான் அன்னிக்குப் போட்டேனே ரெண்டாவது சொட்டு மருந்து, அது இப்பத்தான் வேலை செய்யுது."

மனைவி சிரித்தாளே தவிர, சாவியைத் தரவில்லை.

இந்தக் கோளாறெல்லாம் உங்களுக்குக் கிடையாது என்று தெம்பாக இருக்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, யாரோ மடித்து வைத்திருந்த இந்தப் பக்கத்தின் மூலையைக் கட்டைவிரலால் நீவி நீவி நிமிர்த்திவிட்டது யார்? போகட்டும். இப்போது பழையபடி இருக்கட்டும் என்று அதைத் திரும்பவும் மடிக்கப் போகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.