மாலை மாற்றலும் மன்ஸ்டரும்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
4 மே 2008

மதிப்பிற்குரிய அத்திம்பேர் பிச்சுமணி அவர்களுக்கு மணியன் நமஸ்காரம். பிளசன்டனில் தாங்களும் ருக்மிணி அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறர் நிம்மதியைக் கெடுத்தவர்கள் பொதுவாகச் சௌக்கியமாகவே இருக்கிறார்கள்.

தங்கள் புதல்வி அதிதியின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மே 24, சனிக்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். தங்கள் ஊரில் ஒன்பது அடிக்கும் அதே நேரத்தில் கார்டிஃப் நகரில் ஐரோப்பிய ரக்பிக் கோப்பையின் இறுதி ஆட்டம் தொடங்குகிறது. மன்ஸ்டருக்கும் பிரான்சின் துலூசுக்கும். அந்த ஒரு தேதியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சென்ற தீபாவளிக்கே சொல்லியிருந்தேன். வாயில் முறுக்குடன் "ஓகே, ஓகே" என்றீர்கள்.

ஐரிஷ்காரர்களின் கார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலந்தொட்டு மன்ஸ்டர் என் அணி. இந்தப் பருவத்தில் எங்களை நடப்புச் சாம்பியன் வாஸ்ப்ஸுடனும் கிளெர்மானுடனும் ஒரே பிரிவில் போட்டார்கள். சீட்டுக் குலுக்கியவர்களுக்கு மனசாட்சி கிடையாது. ஆயினும் ஜனவரி மழையில் வாஸ்ப்ஸை வெளியேற்றினோம், குளூஸ்டரை அவர்கள் மண்ணிலேயே வென்றோம், அரையிறுதியில் சாரசென்ஸை இரண்டே புள்ளிகளில் கடந்தோம். மன்ஸ்டரின் ஆட்டத்தில் அழகில்லை, கும்பலாகக் கட்டிப்பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று எழுதும் நிருபர்கள் உண்டு. தள்ளத் தெரியாதவர்கள்தாம் அழகைப் பற்றிப் பேசுவார்கள். துலூஸ் அழகாக ஆடும். அதுவே அவர்களுடைய குறை.

இதையெல்லாம் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினேன். தாங்கள் சொன்னது: "மணியா, லாங் வீக்கெண்ட்ல ஹால் கெடைச்சதே பெரிசு. ரெண்டு மணிக்குக் காலி பண்ணணும். ஃபுட்பால் மேட்சுக்காக முகூர்த்தத்தை மாத்துவாளா யாராவது?" சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம் என்று சுட்டிக்காட்டினேன். "சாஸ்திரிகளைக் கேட்டாச்சு. லக்னம் நன்னா இருந்தா ராகு ஒண்ணும் பண்ண மாட்டானாம். நீ எப்பலேர்ந்துடா ராகு காலம் பாக்கறே?" என்றீர்கள். பத்திரிகையைப் படித்ததிலிருந்து. இடையில் அதிதி ரிசீவரைப் பிடுங்கி, "மாமா, ஜஸ்ட் ரெக்கார்ட் இட்! நோபடி ஹியர் ஈவன் நோஸ் வாட் ரக்பி இஸ்!" என்றாள். குழந்தை ஆறுதலாகத்தான் சொன்னாள். இந்த நாட்டில் என் வாழ்க்கையின் சுருக்கமே அந்த ஒரு வாக்கியம்தான்.

அதையும் பொறுத்தேன். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமனின் உரிமை. நான் வராவிட்டால் யார் தூக்குவது என்று கேட்டதற்குத் தாங்கள், "எங்க ஆபீஸ் திருமூர்த்தி டெய்லி ஜிம்முக்குப் போறான். பூ மாதிரி தூக்கிடுவான். அந்தப் பக்கத்தைப் பாரு, மாப்பிள்ளை கிரீஷோட மாமா சந்தானம், ஒரு வார்த்தை பேசாம பிரான்ஸ்லேர்ந்து வரார்" என்றீர்கள்.

அத்திம்பேர், தூக்குவது தசையின் வேலையன்று. ரக்பியில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறியப்படும்போது இருவர் சேர்ந்து ஒருவரை உயர்த்துவார்கள். எந்தக் கணத்தில் உயர்த்துவது, எதிரணி எந்தப் பக்கம் ஏமாற்றும் என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவன் நான். அந்தத் தோளுக்குப் பதிலாகத் தாங்கள் ஒரு ஜிம்மை நியமித்திருக்கிறீர்கள்.

ஆகவே நான் வரப்போவதில்லை. அன்று ஐரிஷ்காரர்களின் மதுக்கடையில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் ஆரஞ்சு ஜூஸுமாக உட்கார்ந்திருப்பேன். அக்காவை அழவைத்துப் போனில் பேசச் சொன்னாலும் இந்த முடிவு மாறாது.

மணமக்களுக்கு என் பூரண ஆசிகள். அக்காவுக்கு அன்பான நமஸ்காரம். தங்களுக்கு, வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, நமஸ்காரம்.

மணியன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் பிரான்சிலிருந்து போன். "மணியன் சாரா? நான் கிரீஷோட மாமா சந்தானம். அதிதிதான் நம்பர் குடுத்தா. இருபது வருஷமா நமக்குத் துலூஸ்தான் சார், ஊரும் அதுதான், டீமும் அதுதான். நீங்க மன்ஸ்டராமே? கல்யாணத்துக்கு வரலையாமே? பயமா இருந்தா பரவால்ல சார். நான் கிரீஷைத் தூக்கினா உங்க ஜிம் ஆளுக்கு எட்டவே எட்டாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டிக்கெட் வாங்கியாச்சு, அத்திம்பேர். முகூர்த்தத்தை ஒரு நிமிஷம்கூட நகர்த்தாதீங்கோ. ராகு இருந்துட்டுப் போகட்டும். மேட்சை ரெக்கார்ட் பண்ணிடுங்கோ. சாப்பாடு ஆனப்புறம் நானும் அந்த மனுஷனும் சேர்ந்து பாக்கப்போறோம்; அதுவரைக்கும் ஒருத்தரும் ஸ்கோரைச் சொல்லப்படாது. கராஜ்ல அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சுப் பழக ஆரம்பிச்சுட்டேன். அதிதி என்ன வெயிட்னு உடனே சொல்லுங்கோ. திருமூர்த்தி பந்தியிலே சாம்பார் வாளியைத் தூக்கட்டும்.