மாடத்தி ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கதை

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அது மலை உச்சியில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினார்கள் என்று கேட்டால், அடிக்கல் நாட்ட வந்த சிங்கத்துக்கு அங்கேதான் காற்று நன்றாக வந்தது என்பார்கள். அதற்கு மேல் காரணம் வேண்டுமா?

மலைக்குக் கீழே பள்ளக்காடு. அங்கே குளத்தோரமாக மாடத்தி என்றொரு எருமை வாழ்ந்தாள். அவளுக்கு நான்கு காலும் வீங்கிப்போயிருந்தன. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் அதைவிட மோசம். எருமையாகப் பிறந்தவளுக்குக் குளத்தில் அமிழ்ந்து கிடப்பதைத் தவிர வேறென்ன சுகம் இருக்கிறது? அதுவும் போயிற்று. தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் மூச்சு அடைத்தது. நாள் முழுக்கக் கரையில் நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்றால், போனாள். இரண்டு நாள் நடை. ஆனால் அங்கே பனி விலகுவதற்குள் டோக்கன் கொடுத்து முடித்துவிடுவார்கள். மலைமேல் வீடுள்ள மான்கள் கொட்டாவி விட்டபடி வந்து வாங்கிக்கொண்டு போகும். மாடத்தி போய்ச் சேரும்போது உச்சிவெயில். முந்தின நாளே போய் வாசலில் படுத்துக்கொள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு இரவு வாட்ச்மேன் சிறுத்தை. யோசனை சொன்ன எவரும் அங்கே படுத்துப் பார்த்ததில்லை.

மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினாள். நான்காம் முறை போனபோது வாசலில் ஓர் அணில் பலகை மாட்டிக்கொண்டிருந்தது. ‘ஆய்வு: பள்ளக்காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் கிடைக்காதது ஏன்?’ என்று அதில் எழுதியிருந்தது. அணிலின் பெயர் செண்பகம். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை.

“யக்கா, உங்களுக்கு வைத்தியம் கிடைக்கலையா?” என்று ஆவலாகக் கேட்டாள்.

“கிடைக்கலையே தாயி.”

“ரொம்ப சந்தோசம். உள்ள வாங்க.”

உள்ளே டாக்டர் மயிலேறும்பெருமாள் இருந்தார். மயில். பொது மருத்துவத்தில் பெரிய கை. குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். காலை அழுத்தினார், அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

“இதயம் பலவீனமா இருக்கும்மா. அதான் உடம்புல நீர் சேருது. நீர் மாத்திரை போட்டா ஒரே வாரத்துல மூச்சு சரியாயிடும்.”

தன் நோய்க்கு ஒரு காரணம் உண்டு என்று அன்றுதான் மாடத்திக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. “அப்ப அதக் குடுங்கய்யா.”

“குடுக்கலாம். குடுத்தா நீங்க வைத்தியம் கிடைச்சவங்களா ஆயிடுவீங்க. நாங்க பாக்கிறது கிடைக்காதவங்களைப் பத்தி.” டாக்டர் கனிவாகச் சொன்னார். “ஆறே மாசம். முடிவு வந்ததும் பள்ளக்காட்டுக்கே மாத்திரை வரும். வேண்டாம்னா காலைல டோக்கன் வாங்கிட்டு வாங்க.”

காலை டோக்கனை நினைத்துப் பார்த்தாள். குளத்தை நினைத்துப் பார்த்தாள். படிவத்தில் குளம்பை மையில் தோய்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை மாடத்தி மலை ஏறினாள். எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், செண்பகம் படிவத்தை விரிப்பாள்.

“ஆஸ்பத்திரிக்கு வர முடிஞ்சுதா? ஆம், இல்லை.”

“வந்துதான தாயி நிக்கேன்.”

“ஆம்னு போட்டா உங்களை ஆய்விலருந்து எடுத்துருவாங்கக்கா.”

“அப்ப இல்லைன்னு போடு.”

மூச்சு வாங்கியபடி ஆஸ்பத்திரிக்கு நடுவில் நின்று, ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை என்று குளம்பு வைத்துவிட்டு இறங்குவாள்.

மூன்றாம் மாதம் நர்ஸ் எஸ்தர் அவளைப் பார்த்துவிட்டாள். எஸ்தர் உண்ணிக்கொக்கு. நர்ஸ் படிப்புக்கு மலை ஏறும் முன்பு மாடத்தியின் முதுகிலேயே உட்கார்ந்து வளர்ந்தவள். எதிரே நிற்பவள் யார் என்று கண்டுபிடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அவ்வளவு வீக்கம். ஓர் அட்டை நீர் மாத்திரையை இலையில் சுற்றி மாடத்தியின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிட்டாள்.

பத்தே நாள். கால் வடிந்தது. ஒரு மத்தியானம் மாடத்தி குளத்தில் இறங்கினாள். வயிறு, நெஞ்சு, கழுத்து என்று தண்ணீர் ஏறியது. மூச்சு அடைக்கவில்லை. பொழுது சாயும்வரை வெளியே வரவே இல்லை. அன்றைக்கு அந்தக் காட்டில் அவளைவிடச் சந்தோஷமான பிராணி கிடையாது.

நான்காம் மாதம் எடை மேடை காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டர் ஓடி வந்தார்.

“யார் குடுத்தது?”

“நான்தான் டாக்டர். அவ மூச்சு விடுறா, பாருங்க,” என்றாள் எஸ்தர்.

“பாக்கிறேன். அதுதான் பிரச்சினை.”

எஸ்தரை முதலை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்துக் கயிற்றில் மிச்சமிருந்த மாத்திரையை அவிழ்த்துக்கொண்டார்கள். “நீங்க நல்லா இருந்தா எங்களுக்கும் சந்தோசம்தாம்மா. ஆனா இப்ப வேண்டாம்,” என்றார் டாக்டர். “இன்னும் ரெண்டே மாசம்.”

இரண்டு மாதம்தானே என்று மாடத்தியும் நினைத்தாள். வீக்கம் திரும்பி வந்தது. ஐந்தாம் மாதம் நான்கு நாள் நடந்து போய்ச் சேர்ந்தாள். ஆறாம் மாதம் எழுந்திருக்கவே முடியவில்லை.

அப்போதுதான் பள்ளக்காட்டில் யாரும் பார்த்திராத அதிசயம் நடந்தது. மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து அவள் முன்னால் நின்றது. டாக்டரும் செண்பகமும் குதித்து இறங்கினார்கள்.

“கடைசி மாசம் விட்டுப்போச்சுன்னா ஆறு மாச உழைப்பும் வீணும்மா,” என்றார் டாக்டர்.

“ஆஸ்பத்திரில ஜீப் இருக்காய்யா?”

“இது ஆய்வு ஜீப்.”

ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள். செண்பகம் படிவத்தை விரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வர முடிந்ததா? இல்லை. முதல் தடவையாக அது உண்மை.

“என்னையும் ஏத்திக்கிடுங்கய்யா,” என்றாள் மாடத்தி.

டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இடம் தாராளமாக இருந்தது. “ஏத்திக்கலாம். ஏத்தினா இப்ப எழுதினது பொய்யாயிடுமேம்மா.”

குப்பி முன்சீட்டில் ஏறியது. சங்கு ஊதிக்கொண்டு ஜீப் போயிற்று. அரை மணி நேரத்தில் மலை உச்சி. டோக்கன் கேட்கவில்லை. சிறுத்தைகூட எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டது.

ஆய்வு முடிவு வெளிவந்தது. பள்ளக்காட்டு விலங்குகளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் பழக்கம் இல்லை என்று தெரியவந்தது. மாடத்தி ஆறு மாதமும் ‘இல்லை’ என்று குளம்பு வைத்ததே சான்று. டாக்டருக்குச் சிங்கம் பொன்னாடை போர்த்தியது. பள்ளக்காட்டு நோய்களுக்கென்று தனி ஆராய்ச்சிக் கட்டடம் அறிவித்தார்கள். மலை உச்சியில்தான், காற்று நன்றாக வருமல்லவா.

ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. செண்பகம் அதை வாயில் கவ்விக்கொண்டு குளக்கரைக்கு ஓடினாள். ‘நிலைமை கவலைக்கிடம். உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். டோக்கன் காலையில் மட்டும்’ என்று எழுதியிருந்தது. கரையில் எஸ்தர் தனியாக நின்றிருந்தாள். உட்காருவதற்கு அங்கே முதுகு இல்லை.

நீதி: உடம்போடு ஆஸ்பத்திரிக்குப் போகாதே, குப்பியில் போ. உடம்புக்கு டோக்கன், குப்பிக்கு ஜீப்.